பூப்பும் பூட்டும்!

புதுக்கோட்டைச் சீமையிலே திருக்கோகர்ணம். குன்றைக் குடைந்தெடுத்த கோயில் அங்கே உண்டு. கோகர்ணேசுவரர் கோயில் என்பது ஏட்டிலுள்ள பெயர். ஊரார் நாவிலே நிற்பதோ பிரகதாம்பாள் பெயர். தொண்டைமான் மன்னர்களுக்கு அந்த அம்மன்தான் குலதெய்வம். சமஸ்தானத்திலே புழங்கிய சின்னஞ்சிறு செப்புக் காசுக்கு அம்மன் காசு என்று பெயர். மன்னரின் பட்டப்பெயரிலேயும் அம்மன் இருந்தாள். பிரகதாம்பாதாஸ் என்று போட்டுக்கொள்வார்கள். பிரகதாம்பாளின் அடிமை என்று பொருள்.

அரசன் தன்னை அடிமை என்று எழுதிக்கொண்டால் அது பட்டம்! ஏழை வீட்டுப் பெண்ணுக்குக் கோயிலிலே பொட்டுக் கட்டி அடிமை என்று எழுதினால் அது தாசி! தாசர் என்றால் வணக்கம். தாசி என்றால் வசை. ஒரே சொல்தான் தோழர்களே, ஆணுக்குப் போனால் மாலை, பெண்ணுக்கு வந்தால் விலங்கு!

அந்த மண்ணிலேதான் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடறிந்த அம்மையார். தந்தையார் நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், கோயில் பணிக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த குலத்திலே வந்தவர். இசை வேளாளர் என்று இன்று சொல்கிறோம். அய்யர் வீட்டுப் பிள்ளை அந்தக் குலத்துப் பெண்ணோடு வாழ்வதா என்று சீறிற்று சுற்றம், தள்ளி வைத்தது. தள்ளி வைக்கப்பட்ட அந்த வீட்டிலேதான் தமிழகத்துக்கு ஒரு டாக்டர் வளர்ந்தார்.

சிறுமி பள்ளிக்கூடம் போனாள். நன்றாகப் படித்தாள். பதின்மூன்று வயதாயிற்று, பூப்பெய்தினாள். அவ்வளவுதான், பள்ளிக் கதவு சாத்தப்பட்டது!

என்ன குற்றம் செய்தாள்? பாடம் ஒப்பிக்கவில்லையா? பரீட்சையிலே தவறிவிட்டாளா? இல்லை. அவள் தலைக்குள்ளே ஒரு சங்கு ஊதிற்று. அது அவள் ஊதச் சொல்லி ஊதியதல்ல. அந்தச் சங்கொலியைக் கேட்டு ஊர் எழுந்து, இனி இவளுக்குப் பள்ளி எதற்கு என்று பூட்டுப் போட்டது. அம்மையார் வாழ்விலே பெரும்பகுதி, அந்தச் சங்கொலிக்குத் தப்பான பொருள் சொன்னவர்களோடு நடத்திய வழக்குத்தான். ஆகவே அந்தச் சங்கு எது, அதை ஊதுவது யார் என்று முதலில் பார்த்துவிடுவோம். ஆலைச் சங்குக்கு எழுந்து அலுவல் பார்க்கும் தோழர்களுக்கு இது எளிதிலே விளங்கும்.

மூளையின் அடித்தளத்திலே பாதாம் பருப்பளவு ஒரு பகுதி. ஹைப்போதலாமஸ் என்று டாக்டர்கள் கூறுவர். பசி, தாகம், உடற்சூடு, உறக்கம் எல்லாவற்றையும் கவனிப்பது அதுதான். அதன் கீழே ஒரு காம்பிலே, பட்டாணி அளவில், தொங்கிக்கொண்டிருக்கிறது பிட்யூட்டரிச் சுரப்பி. அதற்கு வெகுதொலைவிலே, அடிவயிற்றிலே, பெண்ணுக்குச் சினைப்பைகள்; ஆணுக்கு விரைகள். தலைமை நிலையம் மேலே, தொழிற்சாலை கீழே, நடுவிலே மேஸ்திரி!

மனித மூளையிலே நரம்பணுக்கள் எண்ணாயிரத்து அறுநூறு கோடி அளவில் இருக்கின்றன என்கிறார்கள். அத்தனை கோடியிலே இந்த வேலைக்கென்று இருப்பவை ஓராயிரம், இரண்டாயிரம்தான்! ஒரு சிற்றூர் வாக்காளர் பட்டியல் அளவுகூட இல்லை. இவை கருவிலே பிறப்பது மூளையிலேயே அல்ல. மூக்குப் பகுதியிலே பிறந்து, வாசனை நரம்பின் வழிபற்றி நடந்து மூளைக்குள் குடியேறுகின்றன. அந்தப் பயணம் தடைப்பட்டுப் போனவர்க்கு மல்லிகை மணமும் தெரியாது, வயது ஏறினாலும் பருவமும் வாராது. கால்மன் நோய் என்று அதற்குப் பெயர்.

இந்த அணுக்கள் ஒரு துளி இரசாயனத்தைச் சிந்துகின்றன. பத்தே பத்து அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி. ஜி.என்.ஆர்.எச். என்று சுருக்கமாகக் குறிப்பிடுவர். அதற்கென்றே உள்ள மெல்லிய இரத்தக் குழாய்களிலே இறங்கி அது பிட்யூட்டரியை அடைகிறது. மேஸ்திரி உடனே இரண்டு ஆணைகளை இரத்தத்திலே அனுப்புகிறார், எல்.எச். ஒன்று, எஃப்.எஸ்.எச். மற்றொன்று. சினைப்பை விழிக்கிறது, கருமுட்டை முதிர்கிறது, ஈஸ்ட்ரஜன் என்ற ஹார்மோன் ஊறுகிறது. அந்த ஈஸ்ட்ரஜன் மீண்டும் மேலே போய், போதும் நிறுத்து என்று தலைமைக்குத் தகவல் கொடுக்கிறது. மாதத்தின் நடுவிலே மட்டும் ஒரு விந்தை! ஈஸ்ட்ரஜன் மிகுந்து இரண்டொரு நாள் நின்றுவிட்டால், நிறுத்து என்ற அதே தகவல் நடத்து என்று மாறிவிடுகிறது. எல்.எச். வெள்ளம்போல் பாய்கிறது, ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளிப்படுகிறது.

இதிலே ஒரு நுணுக்கம் உண்டு. சங்கு விட்டுவிட்டு ஊதவேண்டும். மணிக்கு ஒருமுறை, ஒன்றரை மணிக்கு ஒருமுறை என்று. ஆலைச் சங்கு உரிய நேரத்திலே ஊதினால் தொழிலாளர் எழுந்து வருவர். இரவும் பகலும் ஓயாமல் ஊதினால்? எவர் காதிலும் ஏறாது, ஆலை ஓடாது. பிட்யூட்டரியும் அப்படித்தான். 1970-களிலே எர்னஸ்ட் நோபில் என்ற விஞ்ஞானி அமெரிக்காவிலே குரங்குகளை வைத்து இதனை நிலைநாட்டினார். இடைவிட்டுக் கொடுத்தால் சுரப்பி வேலை செய்கிறது. இடைவிடாமல் கொடுத்தால் அதே மருந்து அதே சுரப்பியை உறங்கவைக்கிறது! இதனைத் தோழர்கள் நினைவிலே வைத்திருக்க வேண்டும், பின்னர் தேவைப்படும்.

குழந்தை பிறந்த சில மாதங்கள் இந்தச் சங்கு மெல்ல ஊதுகிறது. பிறகு மூளையே அதன் வாயை அடைத்துவிடுகிறது. ஏழெட்டு ஆண்டுகள் அமைதி! உடல் வளரட்டும், ஓடி விளையாடட்டும், எழுத்துப் படிக்கட்டும் என்று இயற்கை கொடுத்த விடுமுறை. விடுமுறை முடியும்போது சங்கின் அடைப்பை எடுத்துவிடும் பொருள்களிலே ஒன்றுக்குக் கிஸ்பெப்டின் என்று பெயர். கிஸ்ஸஸ் என்பது அமெரிக்காவிலே ஹெர்ஷி என்ற ஊர் மிட்டாய். அந்த ஊர் ஆராய்ச்சிக்கூடத்திலே 1996-இல் அந்த மரபணுவைக் கண்டவர்கள், ஊர் மிட்டாயின் நினைவாகப் பெயரிட்டார்கள். அவர்கள் தேடியது பருவத்தையா? அல்ல, புற்றுநோய் பரவாமல் தடுக்கும் வழியைத்தான் தேடினார்கள். 2003-இல்தான், பருவமே எய்தாத சில குடும்பங்களை ஆராய்ந்தபோது, பாரிசிலும் பாஸ்டனிலும் இரு குழுவினர் இதன் மெய்யான பணியைக் கண்டுகொண்டனர்.

சோற்றுக்கும் இதிலே பங்கு உண்டு. உடலிலே கொழுப்புச் சேமிப்பு எவ்வளவு என்று லெப்டின் என்ற ஹார்மோன் மூளைக்குக் கணக்குக் கொடுக்கிறது. கணக்குக் குறைந்தால் சங்கு தாமதிக்கும். 1944-45 குளிர்காலத்திலே ஹாலந்து நாடு பட்டினியால் வாடியபோது பெண்கள் பலருக்கு மாதவிலக்கே நின்றுபோயிற்று. அரை வயிறு உண்டு வளரும் கூலிக்காரன் மகள் பிந்திப் பூப்பெய்துவதும், வயிறார உண்ணும் வீட்டுப் பெண் முந்திப் பூப்பெய்துவதும் கிரகத்தாலும் நட்சத்திரத்தாலும் அல்ல! ருது ஜாதகம் கணித்துக் காசு வாங்குகிறானே சோதிடன், அவன் பார்க்கவேண்டியது பஞ்சாங்கத்தை அல்ல, அடுப்பங்கரைப் பானையை!

இனி, பூட்டுப் போட்டவர்கள் எங்கே பிழைத்தார்கள் என்று பார்ப்போம். முதல் மாதவிலக்கு வந்துவிட்டால் பெண் முழுமையடைந்துவிட்டாள், தாய்மைக்கு ஆயத்தம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். மருத்துவக் கணக்கோ வேறு. முதல் விலக்கு என்பது தொழிற்சாலையில் இயந்திரத்தை முதல்நாள் ஓட்டிப் பார்ப்பது போன்றது. அதன்பின் ஓராண்டு, ஈராண்டு வரை பல மாதங்களில் கருமுட்டை வெளிப்படுவதுகூட இல்லை. மூளையும் சினைப்பையும் தாளம் பழகிக்கொண்டிருக்கின்றன. உயரம் இன்னும் ஏறுகிறது. பிள்ளை வெளிவரும் பாதையான இடுப்பெலும்புக் கூடு மற்ற எலும்புகளுக்குப் பின்தங்கியே விரிகிறது. பதினேழு பதினெட்டு வயது வரை அதன் வளர்ச்சி நடக்கிறது. அதற்குள் தாயாக்கினால் தலை சிக்கிக்கொள்ளும். நாள் கணக்கில் வலி. பிள்ளை போகும், அல்லது பெற்றவள் போவாள், அல்லது சிறுநீர்ப்பை கிழிந்து வாழ்நாள் முழுதும் ஒழுக்கோடு ஒதுங்கிக் கிடப்பாள்!

ஆனால் சாத்திரம் என்ன வைத்திருந்தது? பூப்புக்கு முன்னே கன்னிகாதானம். பூப்பு வந்த சில நாளிலே கருப்பாதானச் சடங்கு! 1889-இல் கல்கத்தாவிலே புல்மோனி என்ற சிறுமி, பத்துப் பதினோரு வயதுக்காரி, முப்பதைத் தாண்டிய கணவனால் மாண்டாள். அதன்பிறகுதான் 1891-இல் பத்து வயது என்று இருந்த சட்ட வரம்பைப் பன்னிரண்டு ஆக்கினார்கள். அதற்கே நாடெங்கும் கூச்சல்! சடங்குக்கு இடையூறு, சமயத்துக்கு ஆபத்து என்று கூட்டம் போட்டார்கள். விடுதலை வீரர் என்று போற்றப்படும் திலகரே எதிர்ப்பு அணியில் நின்றார். பன்னிரண்டு வயதுக்கே அந்தப் பாடு!

இதைப் போலவேதான் பொட்டுக்கட்டும். பெண் பூப்பெய்துவதற்கு முன்னே கோயிலிலே தாலி. பூப்பு வந்ததும் யாராவது ஒரு மிட்டா மிராசுக்கு அழைப்பு. மணப்பெண்ணுக்கும் தாசிக்கும் ஒரே சங்குதான் நாள் குறித்தது.

இப்போது திருக்கோகர்ணத்துச் சிறுமியிடம் திரும்புவோம். கதவு சாத்தப்பட்டது என்றோம். தாய்க்கு மகளின் திருமணக் கவலை. தந்தைக்கோ மகளின் படிப்பு ஆசை. தந்தை வென்றார். வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார் முத்துலட்சுமி. அடுத்துக் கல்லூரி. ஆண்கள் மட்டும் படிக்கும் மகாராஜா கல்லூரியிலே ஒரு பெண்ணா, அதுவும் இந்தக் குலத்துப் பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. பிள்ளைகளை நிறுத்திக்கொள்வோம் என்று மிரட்டினார்கள் பெற்றோர்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். பட்டப்பெயரிலே அடிமை என்று போட்டுக்கொண்ட மன்னர், ஒரு பெண்ணின் அடிமை விலங்கிலே ஒரு கணுவை அறுத்தார்; அதற்கு அவருக்கு நன்றி கூறுவதிலே நமக்குத் தயக்கமில்லை. மூடு வண்டியிலே போய், திரை மறைவிலே அமர்ந்து படித்தார் அம்மையார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் பட்டம், பதக்கங்களோடு. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிலே உள்ளுறை மருத்துவராக அமர்ந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். ஹார்மோன் என்ற சொல்லே இங்கிலாந்தில் 1905-இல்தான் பிறந்தது. அம்மையார் அப்போது புதுக்கோட்டையில் திரைக்குப் பின்னே பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். பூப்பை மூளை நடத்துகிறது என்று அவருடைய ஆசிரியர்களில் எவருக்கும் தெரியாது. ஆனால் பிரசவ அறைக்கு வந்த சிறுமிகளின் இடுப்பெலும்பு அவருக்குத் தெரியும்! விஞ்ஞானம் விளக்கம் சொல்லும்வரை காத்திருக்கவில்லை அவர். கண்ணெதிரே கிடந்தது போதும் என்று கிளம்பினார்.

1914-இல் திருமணம். மணமகன் டாக்டர் சுந்தர ரெட்டி. சமமாக நடத்தவேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே உறுதி வாங்கிக்கொண்டு, 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி மணந்தார். இருபத்தேழு வயதில்! பதின்மூன்றிலே முடித்துவிடவேண்டும் என்று ஊர் சொன்ன காரியத்தை இருபத்தேழில் தம் நிபந்தனையோடு முடித்தார். இரண்டு பிள்ளைகளையும் பெற்று வளர்த்தார். 1925-இல் மேற்படிப்புக்காக இலண்டனுக்குக் கணவரோடும் மக்களோடும் சென்று, பெண்கள் குழந்தைகள் நோயிலே தேர்ச்சி பெற்றுத் திரும்பினார்.

திரும்பியதும் காத்திருந்தது சட்டசபை. நீதிக்கட்சி ஆண்ட நாளிலேதான் சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது, 1921-இல். சட்டசபையின் வாயில் திறந்தது 1926-இல். அந்த ஆண்டு இறுதியிலே அம்மையார் நியமன உறுப்பினரானார். 1927-இல் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகிலேயே சட்டமன்றத்தில் அந்தப் பதவி வகித்த முதல் பெண்மணி என்று எழுதுவர்.

அந்த மூன்றாண்டுகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். 1927-ஐ ஒட்டி பெர்லினிலே சோண்டெக்கும் ஆஷ்ஹைமும், அமெரிக்காவிலே ஃபிலிப் ஸ்மித்தும், சினைப்பையை ஆட்டிவைப்பது தலையிலுள்ள பிட்யூட்டரி என்று கண்டுகொண்டிருக்கிறார்கள். அதே 1927 நவம்பரிலே சென்னையிலே இந்த அம்மையார், கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்கவேண்டும் என்ற தீர்மானத்தைச் சட்டசபையிலே வைக்கிறார். 1928-இல் பெண்ணுக்குப் பதினாறு, ஆணுக்கு இருபத்தொன்று என்று மணவயதை உயர்த்தவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றுகிறார். 1929-இல் ஈஸ்ட்ரஜன் வகையிலே முதலாவதைப் பிரித்தெடுத்துக் காட்டுகிறார்கள், அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டனாண்டும். அதே 1929-இல் டில்லியிலே சாரதா சட்டம் வருகிறது: பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு. அங்கே குப்பியிலே ஹார்மோன். இங்கே ஏட்டிலே சட்டம். ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே பூட்டுக்கு இரண்டு சாவிகள்!

டில்லி கொடுத்தது பதினான்கு. சென்னைச் சபையிலே ஒரு டாக்டர் அம்மையார் கேட்டது பதினாறு. பதினான்கு 1949-இல் பதினைந்தாயிற்று, 1978-இல்தான் பதினெட்டாயிற்று. இடுப்பெலும்பின் கணக்கைச் சட்டப்புத்தகம் எட்டிப்பிடிக்க அம்மையார் தீர்மானத்துக்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.

பொட்டுக்கட்டு விவகாரத்திலே எதிர்ப்பு எங்கிருந்தெல்லாம் வந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். கலை அழியும் என்றனர் சிலர். காலங்காலமாக வந்த வழக்கம் என்றனர் சிலர். காங்கிரசின் நாவலர் சத்தியமூர்த்தியும் எதிர்த்தவர்களில் ஒருவர். தேவதாசிகளிலேயே ஒரு சாரார் சங்கம் கூடி, எங்களையெல்லாம் விலைமகளிர் என்று எழுதாதீர், எங்கள் இசையையும் நாட்டியத்தையும் எண்ணிப் பாருங்கள் என்று மனுக் கொடுத்தனர். அந்தக் குரலை ஏளனம் செய்ய நாம் ஒருப்படமாட்டோம். வயிற்றுக்கு வழி என்ன என்ற கேள்வி அதிலே இருந்தது. அம்மையாருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும்; 1929-இல் முதலிலே கொண்டுவந்த திருத்தம் மான்ய நிலத்தைப் பற்றியது. கோயில் ஊழியம் செய்தால்தான் நிலம் என்றிருந்ததை மாற்றி, ஊழியத்திலிருந்து விடுபட்டாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே என்றாக்கினார். காலிலே விலங்கு மட்டுமல்ல, விலங்கோடு சோற்றுப் பானையும் கட்டப்பட்டிருந்தது. பானையைக் கையிலே கொடுத்துவிட்டு விலங்கைத் தொட்டார்.

சபைக்கு வெளியே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தன்மான இயக்க மேடையிலே அவர் குரல் இடியாக ஒலித்தது; 1936-இல் தாசிகள் மோசவலை என்ற நாவலையும் எழுதினார். சபைக்குள்ளே ஒரு டாக்டர், சந்தைத் திடலிலே ஒரு தொண்டர். இருவருக்கும் கட்சி வேறு, பாதை வேறு. முத்துலட்சுமி அம்மையார் நம் கொடி பிடித்தவர் அல்லர். 1930-இல் காந்தியார் கைதானபோது சபைப் பதவியை விட்டு விலகியவர். அதை மறைக்கவேண்டிய தேவை நமக்கில்லை. அவர் விலகியதால் பொட்டுக்கட்டை அடியோடு தடுக்கும் மசோதா கிடப்பிலே போடப்பட்டது என்பதுதான் வருத்தம். பதினேழு ஆண்டுகள்! 1947-இல்தான் அது சட்டமாயிற்று. அந்தப் பதினேழு ஆண்டுகளில் எத்தனை சிறுமிகள் தலையில் அந்தச் சங்கு ஊதியிருக்கும்!

பதவி விலகிய அதே ஆண்டில், பொட்டுக்கட்டிலிருந்து தப்பி வந்த சிறுமிகள் சிலர் அம்மையார் வீட்டுக் கதவைத் தட்டினர். விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. சரி, இங்கேயே இருங்கள் என்றார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். பிறகு அடையாற்றிலே வேரூன்றிற்று. பூப்பு வந்ததும் கதவைச் சாத்தியது திருக்கோகர்ணம். பூப்பு வந்த பெண்களுக்கென்றே கதவைத் திறந்தது அடையாறு.

இங்கே ஒரு வார்த்தை. கசப்பாக இருந்தாலும் தோழர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். சங்கு ஆணுக்கும் ஊதுகிறது! அதே ஹைப்போதலாமஸ், அதே பத்துமணிச் சங்கிலி, அதே பிட்யூட்டரி. பெண்ணைவிட ஓரிரண்டு ஆண்டு பிந்தி, பையனின் குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது. எந்தத் தகப்பன் மகனுக்குப் பந்தல் போட்டு மஞ்சள் நீராட்டினான்? எந்த மாமன் சீர்வரிசைத் தட்டு சுமந்தான்? எந்தப் பள்ளியிலிருந்து அவனை நிறுத்தினார்கள்? ஒரே சங்கொலிக்கு அவனுக்கு மிதிவண்டி, அவளுக்குக் குச்சு! இன்றைக்கும் பூப்புனித நீராட்டு விழா என்று நாற்சந்தியிலே பிளெக்ஸ் பலகை நிற்கிறது. சிறுமியின் படம் ஒருபுறம், தலைவர்களின் படம் மறுபுறம், வட்டம் கிளை என்று வாழ்த்துவோர் பட்டியல் வேறு! ஒரு குழந்தையின் மூளையிலே நடந்த இரகசியத்தை ஒலிபெருக்கி வைத்து ஊருக்குச் சொல்கிறோம். பெண் வந்துவிட்டாள், விலை பேசலாம் என்ற பழைய அறிவிப்புத்தானே அது? பாட்டும் பந்தலும் புதியவை; செய்தி பழையது.

2019-21 கணக்கெடுப்பின்படி, இருபதிலிருந்து இருபத்துநாலு வயதுக்குட்பட்ட பெண்களில் பதினெட்டு நிரம்புமுன் மணமானவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 23 பேர். நம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 12-க்கும் மேல். முந்திய கணக்கைவிடக் குறைவுதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் யாரோ ஒரு தோழனின் மகளோ தங்கையோதான். அம்மையாரின் பெயரால் தமிழக அரசு நடத்தும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்திலே, தாய்க்குப் பத்தொன்பது வயது நிரம்பியிருக்கவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். விதி எழுதியவர்களுக்கு அவர் யார் என்று தெரிந்திருக்கிறது.

அம்மையாரின் இரண்டாவது போர் புற்றுநோயோடு. தங்கையார் ஒருவர் அந்த நோய்க்குப் பலியானார். முதலிலே வேறு நோயென்று தவறாகக் கருதப்பட்டு, நாள் கடந்துபோய், இன்னதென்று தெரிந்தபோது கை மீறிவிட்டது. அந்தத் துயரம் அவரை முப்பதாண்டு விடவில்லை. பணக்காரர் வீடு, அமைச்சர் வீடு என்று படியேறி நிதி கேட்டார். புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு ஏன் ஆசுபத்திரி என்று கேட்டவர்களும் உண்டு. 1952-இல் அடிக்கல் நாட்டினார் நேரு. 1954 ஜூனிலே, பன்னிரண்டு படுக்கைகளோடு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை வளர்த்தெடுத்தார். டாக்டர் சாந்தா அம்மையார் ஆயுள் முழுவதையும் அங்கேயே செலவிட்டார். 1956-இல் பத்மபூஷண் வந்தது. 1968 ஜூலை 22-இல், எண்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில், முத்துலட்சுமி அம்மையார் மறைந்தார்.

மூன்றாண்டு கழித்து, 1971-இல், அந்தச் சங்கின் உருவம் தெரிந்தது. அமெரிக்காவிலே ஷாலி, கில்லெமின் என்ற இருவர் போட்டியிட்டுத் தேடினர். ஷாலியின் குழுவினர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளின் மூளைத்துண்டுகளை அரைத்து வடித்து, ஒரு மில்லிகிராம்கூடத் தேறாத அளவு மருந்தை எடுத்து, அதன் பத்து மணிகளையும் வரிசைப்படுத்தினர். 1977-இல் நோபெல் பரிசு வந்தபோது பாதி இவர்களுக்கு. மறுபாதி ரோசலின் யாலோ என்ற பெண்மணிக்கு. இரத்தத்திலே நூல் நுனி அளவு ஹார்மோன் இருந்தாலும் அளந்து காட்டும் வழியைக் கண்டவர் அவர்.

ஓயாமல் ஊதும் சங்கு ஆலையை நிறுத்திவிடும் என்று முன்னே சொன்னோமல்லவா? மருத்துவர்கள் அதையே மருந்தாக்கிவிட்டார்கள். ஆறு வயதிலே அகாலமாகப் பூப்பு தொடங்கிவிடும் சிறுமிக்கு, அந்தப் பத்துமணிச் சங்கிலியைச் சிறிது மாற்றிச் செய்த ஊசியைப் போடுகிறார்கள். அது உடலிலே இருந்துகொண்டு இடைவிடாமல் ஊதுகிறது, மேஸ்திரி காதைப் பொத்திக்கொள்கிறார், பருவம் நின்றுவிடுகிறது. குழந்தை வளர்ந்து, வயது வந்ததும் ஊசியை நிறுத்தினால், சங்கு பழையபடி விட்டுவிட்டு ஊதத் தொடங்குகிறது. அதே ஊசி இன்னொரு வாசலிலும் நுழைந்திருக்கிறது. ஹார்மோனை உண்டு வளரும் மார்பகப் புற்றுக்கும், ஆண்களின் புராஸ்டேட் புற்றுக்கும் தீனி போகாமல் தடுக்க, மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று புற்றுநோய் மருத்துவமனைகளிலே அதைப் போடுகிறார்கள்.